விண்டோஸ் 11-க்கு மாறியதிலிருந்து நட்சத்திரங்கள் வெள்ளைச் சதுரங்களாகத் தெரிகின்றன

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் வானியல் மென்பொருளில் கிராபிக்ஸ் கோளாறு – சரிசெய்து தருவது அல்லது பணத்தைத் திருப்பித் தருவது குறித்து

வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மாலைகளில் வானம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன். நகர வெளிச்சத்தில் மொட்டைமாடிக்குப் போனாலும் பிரகாசமான சில நட்சத்திரங்கள்தான் தெரியும். மிச்ச வானத்தை உங்கள் மென்பொருளில்தான் காட்டி வந்தேன். காசு கொடுத்து முழுப் பதிப்பை வாங்கியது அதற்காகத்தான்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் 11-க்கு மாறினேன். அதற்கு முன் உங்கள் இணையதளத்தையும் பார்த்துக்கொண்டேன். விண்டோஸ் 11-இல் இயங்கும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறீர்கள்.

இப்போது மென்பொருள் திறக்கிறது, ஆனால் எல்லா நட்சத்திரமும் ஒரே அளவு வெள்ளைச் சதுரம். புள்ளி பெரிதா சிறிதா என்பதை வைத்துத்தானே பிள்ளைகள் பிரகாசத்தைப் புரிந்துகொள்வார்கள்? மைனஸ் 1.46 பிரகாச எண் (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) கொண்ட சிரியஸும், 4-ஐ ஒட்டிய அருந்ததியும் திரையில் ஒன்றுபோல இருக்கின்றன. திருவாதிரையின் சிவப்பு போய்விட்டது. சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் இடைவெளி பாகையில் ஐந்தில் ஒரு பங்குதான். வசிஷ்டரின் சதுரம் அருந்ததியை மூடிவிடுகிறது. "அருந்ததி எங்கே அங்கிள்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். என்னால் காட்ட முடியவில்லை.

அப்புறம், இருட்டுக்குப் பழகிய கண் கூசாமல் இருக்க வைத்திருக்கும் இரவுக்கான சிவப்புத் திரை. வரைபடத்தை நகர்த்தினால் போதும், திரை முழுக்க ஒரு கணம் வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். காவலூர் வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலைப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது, தொலைநோக்கிக்குப் பக்கத்தில் இந்த மடிக்கணினியைத் திறந்து வைக்கவே முடியவில்லை. பால்வெளிப் படம் கறுத்துப்போனதும் சனி வளையம் மின்னி மின்னி அறுபடுவதும் தனி.

உங்கள் உதவிப் பிரிவிலிருந்து வருவது ஒரே பதில்: "கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள்." புதுப்பித்தாயிற்று. டிவைஸ் மேனேஜரில் இருப்பது விண்டோஸ் தானாகப் போடும் பேசிக் டிஸ்ப்ளே டிரைவர் அல்ல, சிப் தயாரிப்பாளரின் புதிய டிரைவர். உங்கள் மென்பொருளைப் போலவே ஓப்பன்ஜிஎல் என்ற படம் வரையும் இடைமுகம் வழியாக வரையும் ஸ்டெல்லேரியம், இலவச மென்பொருள், இதே கணினியில் ஒழுங்காக ஓடுகிறது. நட்சத்திரத்தைச் சதுரப் புள்ளியாக வரைந்து, மேலே வட்டமாக ஒளிரும் படம் ஒன்றை ஒட்டிக் காட்டுவது இத்தகைய மென்பொருள்களில் வழக்கம். அந்த ஒட்டும் வேலை நின்றுபோனால் சதுரம்தான் மிஞ்சும். உங்கள் பொறியாளர்கள் முதலில் அங்கே பார்க்கட்டும். லாக் கோப்பையும் ஸ்கிரீன்ஷாட்களையும் முன்பே அனுப்பினேன். யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. மறுபடியும் இணைத்திருக்கிறேன்.

திருத்தம் எந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் சொல்லுங்கள். முடியாதென்றால் நான் கட்டிய பணத்தை முழுசாகத் திருப்பித் தாருங்கள். இரண்டில் எது நடந்தாலும், கோளாறு சரியாகும்வரை விண்டோஸ் 11-இல் இயங்கும் என்று இணையதளத்தில் இருக்கும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதை நம்பி இன்னொரு ஆசிரியர் வாங்கக் கூடாது.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வேன். அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இங்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
அல்சூர், பெங்களூரு