சோல் மாற்றக்கூடிய பூட்ஸ் உள்ளூர்க் கடைக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலக் காலணிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரை, தோல் பூட்ஸ் நம் வெப்பத்துக்கு ஒத்துவராது என்றும், அது குளிர்நாட்டாரின் ஆடம்பரம் என்றும் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில், பாத வடிவ அச்சான லாஸ்டின் மேல் தோலை இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங் பிரிவில் நெடுங்காலம் மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற முறையில், அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. கணுக்காலை மூடும் ஒரு நல்ல தோல் பூட்ஸ், பட்டறைக்கும் தோட்டத்துக்கும் கடைத்தெருவுக்கும் ஒன்றாகவே உழைக்கும். அப்படி உழைக்க விடாமல் தடுப்பது வெயில் அன்று, நம் கடைகளில் விற்கப்படும் சரக்கின் தரம்தான் என்பது என் துணிபு.

முதலில் வெப்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலை அவிப்பது பெரும்பாலும் தோலுக்கு உள்ளே ஒட்டப்படும் செயற்கைத் துணியும் நுரையும், தோலின் மேல் தடிப்பாக ஏற்றப்படும் பிளாஸ்டிக் பூச்சும்தான். பூச்சு குறைந்த தோலும், பாதம் படியும் உட்சோலான இன்சோல் தோலால் ஆனதாக இருந்தால் அதுவும் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு, கழற்றி வைத்த பிறகு மெல்ல வெளிவிடும். அதற்கு அவகாசம் வேண்டும் என்பதால், ஒரே இணையை நாள் தவறாமல் போடாமல் இடையில் ஒருநாள் காயவிடுவது நல்லது. நனைந்துவிட்டால் வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்கக் கூடாது. தோல் விறைத்து வெடிக்கும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைத்தால் போதும். தங்கள் நாளிதழ் மறுநாளும் பயன்படுகிறது என்பதை இங்கே நன்றியுடன் குறிப்பிடுகிறேன்.

வெப்பத்தைக் காட்டிலும் நம்மவருக்குப் பெரிய தடை வாசற்படி. வீடு, கோயில், சில மருத்துவமனைகள் என்று எங்கே போனாலும் காலணியைக் கழற்றும் வழக்கமுள்ள ஊரில், ஒவ்வொரு முறையும் குனிந்து நாடா அவிழ்ப்பவருக்கு ஒரே வாரத்தில் பூட்ஸின் மேல் வெறுப்பு வந்துவிடும். இதற்குப் பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த பூட்ஸ் நல்ல விடை. லண்டனைச் சேர்ந்த ஸ்பார்க்ஸ்-ஹால் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. பின்னாளில் செல்சி பூட்ஸ் என்று பெயர் பெற்றது. ஆஸ்திரேலியாவில் 1870-இல் தொடங்கிய பிளண்ட்ஸ்டோனும் 1932-இல் தொடங்கிய ஆர்.எம். வில்லியம்ஸும் இந்த அமைப்பைப் பண்ணை வேலைக்காரரின் காலில் ஏற்றி, அங்கிருந்து நகரத்து அலுவலகம் வரை கொண்டுவந்தன. பின்புறத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தால் கால் உள்ளே போய்விடும், மற்றொரு காலால் குதியை அழுத்தினால் வெளியே வந்துவிடும். வெல்டிங் வேலை செய்பவருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு: தீப்பொறி விழுந்து சிக்கிக்கொள்ள நாடாவும் நாக்கும் இல்லை. செங்குத்தான மலைப்பாதைக்கு மட்டும் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் நாடா பூட்ஸே பாதுகாப்பு.

இனி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பூட்ஸின் ஆயுள் அதன் சோல் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. எங்கள் தொழிலில் வெல்ட் என்று சொல்லும் ஒரு பட்டையை மேல்பகுதியோடும் இன்சோலோடும் சேர்த்து முதலில் தைத்துவிட்டு, அடிச்சோலை அந்தப் பட்டையோடு தனியாகத் தைப்பது குட்இயர் வெல்ட் முறை. அடிச்சோல் தேய்ந்ததும் வெளித்தையலை மட்டும் அறுத்துப் புதுச் சோலைத் தைத்துக்கொள்ளலாம். மேல்தோலில் கை வைக்கவே வேண்டியதில்லை. தோலுக்கு அவ்வப்போது எண்ணெயோ பாலிஷோ இட்டு வந்தால், பல சோல்களைக் கண்டுவிடும். ஆனால் நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பசையால் ஒட்டியவை, அல்லது அச்சில் பி.யூ. எனப்படும் பாலியூரிதேன் பிளாஸ்டிக்கை ஊற்றி நேராக மேல்பகுதியோடு சேர்த்தவை. சாதாரணமாகப் பயன்படும் பி.யூ. வகைகளைக் காற்றிலுள்ள ஈரம் உள்ளிருந்தே சிதைத்துவிடும். இப்படிப்பட்ட சேஃப்டி ஷூவைச் சில ஆண்டுகள் பெட்டியிலேயே வைத்திருந்து ஒருநாள் எடுத்துப் போட்டு நடந்தால், அடிப்பகுதி பழைய ரொட்டியைப் போல உதிர்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மேல்தோல் அப்போதும் புதிதாகவே இருக்கும்; ஆனாலும் குப்பைக்குத்தான் போகும். போதாக்குறைக்கு, ஒட்டிய சோலின் விளிம்பில் அழகுக்காக நூல் ஓட்டி, தைத்த பூட்ஸ் போலக் காட்டும் வழக்கமும் உண்டு. தொழில் தெரிந்தவனே கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், வாங்க வருபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

தோல் என்றால், ஆலைக்கழிவால் மாசுபட்ட பாலாறு நினைவுக்கு வருவது நியாயமே. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகளின் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பை எங்கள் பகுதியில் மறந்தவர் இல்லை. அவ்வளவு விலை கொடுத்துப் பதனிட்ட தோல், ஒட்டிய சோல் விட்டுப்போனது என்பதற்காக இரண்டே ஆண்டில் குப்பைமேட்டுக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லா வேலைக்கும் தோல் பூட்ஸே போதும் என்று நான் சொல்லவில்லை. சேற்று வயலிலும் உப்பளத்திலும் அது பாழாகும். தோல் பதனிடும் ஆலையிலேயே ஈர வேலை செய்பவருக்குத் தோல் பூட்ஸ் உதவாது, நீர் புகாத ரப்பர் கம்பூட்ஸ்தான் வேண்டும். கனமான பொருள் காலில் விழக்கூடிய இடத்தில் ஐ.எஸ். 15298 என்னும் இந்தியத் தரத்தின் இரண்டாம் பகுதிப்படி 200 ஜூல் அடியைத் தாங்கும் முன்கவசம் உள்ளதா என்று பார்த்தே வாங்க வேண்டும். 20 கிலோ எடை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி அது. ஆனால் இரவில் மோட்டார் போடப் புஞ்சை வரப்பில் நடக்கும் விவசாயிக்கு அந்த இரும்புக் கவசம் தேவையில்லை. கண்ணாடி விரியனின் பல் எளிதில் இறங்காத தடித்த தோல் கணுக்கால் வரை இருந்தாலே பெரிய காப்பு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பாம்புக்கடிகளில் பெரும்பாலானவை காலில் படுபவை.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து நடத்திய ஆய்வில், நம் பாதங்கள் ஐரோப்பியரின் பாதங்களைவிட அகலமானவை என்று தெரியவந்து, ‘பா’ என்னும் இந்திய அளவு முறை முன்மொழியப்பட்டது. அயல்நாட்டு லாஸ்டில் இழுத்த பூட்ஸ் சுண்டுவிரலைக் கடிப்பதற்கு இதுவே காரணம். கால் கடித்தால் ஒரு எண் பெரிதாக வாங்கி, குதி வழுக்க நடக்கிறோம். பெண்களின் நிலை இன்னும் மோசம். பல தொழிற்சாலைகளில் அவர்களுக்குத் தரப்படும் சேஃப்டி ஷூ, ஆண்களுக்கான லாஸ்டில் செய்த சிறிய எண்ணே தவிர வேறில்லை. ஐரோப்பியப் பெண்களின் காலுக்கு அணுவணுவாக அளந்து பூட்ஸ் செய்து அனுப்பும் ஊரில், அந்த பூட்ஸைத் தைக்கும் பெண்கள் ரப்பர் செருப்போடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

அரசுக்கும் தொழிலதிபர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக வைக்கும் வேண்டுகோள்கள் இவை. சோல் ஒட்டியதா, ஊற்றியதா, தைத்ததா, மாற்ற முடியுமா என்பதைப் பெட்டியின் மேல் தமிழில் அச்சிடச் செய்ய வேண்டும். ஏற்றுமதிக்கென்று வெல்ட் தைக்கும் ஆலைகள், அதே பூட்ஸை அகலமான லாஸ்டில், ஆண் பெண் இருபாலருக்கும், ஆடம்பரப் பெட்டியும் விளம்பரமும் இல்லாமல் உள்ளூர்க் கடைகளுக்கும் தர முன்வர வேண்டும். சாலையோரத்தில் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் வெல்ட் தைக்கும் இயந்திரம் இருக்காது, அவரால் வாங்கவும் முடியாது. ஆகவே ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் அரசே பொது மையங்களைத் திறந்து இயந்திரங்களை அமைத்துக் கொடுத்தால், ஓய்வுபெற்ற தையல் தொழிலாளர்கள் இளைஞர்களுக்குப் பயிற்சி தரவும், தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்து பார்சலில் வரும் பூட்ஸுக்கும் சோல் மாற்றி அனுப்பவும் வழி பிறக்கும். அப்படியொரு மையம் தொடங்கினால், ஊதியம் எதிர்பாராமல் வந்து கற்றுக்கொடுக்க நானும் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஆம்பூர்.