இசக்கிக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எல்லாமே ஆன்லைன்ல வந்துட்டு, இனிமே தாலுகா ஆபீஸ் வராண்டாவுல காத்துக் கெடக்க வேண்டாம்னு சொல்லுதாங்க, பாதி உண்மைதான். எங்க அப்பா தவறுன பிறகு அவங்க பேர்ல இருந்த வயலுக்கு பட்டா மாத்த நாலு மாசமா அலையுதேன்.

இறப்பு சான்றிதழ் ஆன்லைன்லயே கெடச்சிச்சு, கியூஆர் கோடு எல்லாம் இருக்கு. ஆனா அத பிரிண்ட் எடுத்து, திரும்ப ஸ்கேன் பண்ணி வாரிசு சான்றிதழுக்கு ஏத்தணும், அதுக்கு இ-சேவையில 60 ரூபா, அப்புறம் வாரிசு சான்றிதழையும் பிரிண்ட் எடுத்து ஸ்கேன் பண்ணி பட்டாவுக்கு ஏத்தணும். குடுத்ததும் கவர்மெண்டு, கேக்கதும் கவர்மெண்டு, நடுவுல பைல் தூக்குற பியூன் வேலைய நாம பாக்கோம்.

இதயாவது பொறுத்துக்கலாம், பேரு விஷயந்தான் ஆள கொல்லுது. எங்கம்மா பேரு இசக்கியம்மாள். நம்ம பக்கம் தெருவுக்கு நாலு இசக்கி இருப்பாங்க, உங்களுக்கே தெரியும். ஆதார்ல இங்கிலீஷ்ல 'ஐ' எழுத்துல ஆரம்பிக்குது, பேங்க் பாஸ்புக்ல 'ஈ', வோட்டர் கார்டுல 'ஈ' போட்டு 'எஸ்' ரெண்டு தடவ. ஒண்ணுல இனிஷியல் முன்னால, ஒண்ணுல அப்பா பேர விரிச்சு பின்னால. ஊர் விஏஓவுக்கு அம்மாவ நல்லா தெரியும், பாத்தா "என்னக்கா சொகமா"ன்னு கேப்பாரு, ஆனா கம்ப்யூட்டருக்கு அவங்க மூணு பொம்பளைங்க. மனு தள்ளுபடி, காரணம் "ஆவணம் பொருந்தவில்லை"ன்னு ஒத்த வரி, எந்த ஆவணம்னு கிடையாது.

ஓடிபி தம்பி நம்பருக்குப் போகும், அவன் துபாய்ல, டூட்டி முடிஞ்சு ஃபோன எடுக்கதுக்குள்ள நேரம் முடிஞ்சிரும். வயலு இருக்கது தென்காசி பக்கம், 2019 நவம்பர்ல தனி மாவட்டமாச்சுல்லா, பழைய பத்திரத்துல திருநெல்வேலி மாவட்டம்னுதான் இருக்கு, அதுக்கும் ஒரு கேள்வி.

புதுசா ஆப்பு, போர்ட்டல் எதுவும் வேண்டாம் சார். இறப்பு சான்றிதழ் நம்பர போட்டா அடுத்த துறை தானே எடுத்துப் பாத்துக்கட்டும். ஆதார்ல தமிழ்லயும் பேரு இருக்குல்லா, பட்டாவும் தமிழ்லதான் இருக்கு, அத வச்சு ஒத்துப் பாக்கலாமே, தமிழ்ல இசக்கிக்கு ஒரே ஸ்பெல்லிங்தான். தள்ளுபடி பண்ணுனா எந்த பேப்பர்ல என்ன தப்புன்னு சொல்லட்டும்.

இப்போதைக்கு ஆதார்ல ஸ்பெல்லிங் மாத்த டோக்கன் வாங்கி வச்சிருக்கோம். பாஸ்புக்ல உள்ள மாதிரி மாத்துனா வோட்டர் கார்டு ஒத்து வராது, வோட்டர் கார்டு மாதிரி மாத்துனா பாஸ்புக் ஒத்து வராது. எதுக்கு மாத்தணும்னு யாராவது சொன்னா தேவல.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாசகர்