முதுநிலைப் பொறியியல்: சேரும் முன் தீசிஸைப் பற்றிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொறியியல் மேற்படிப்பைப் பற்றி எங்கே பேசினாலும் தரவரிசை, நுழைவுத் தேர்வு, முடித்தால் வரும் சம்பளம் என்ற மூன்றோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்தப் படிப்புக்கு உயிரான தீசிஸைப் பற்றி, அதாவது மாணவர் ஒரு கேள்வியை எடுத்து ஆராய்ந்து எழுதும் ஆய்வேட்டைப் பற்றி, யாரும் வாய் திறப்பதில்லை. எம்.இ., எம்.டெக்., எம்.எஸ். என எந்தப் பெயரில் சேர்ந்தாலும் சரி, பிள்ளைகள் முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஐரோப்பாவில் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு என்றால் 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. தீசிஸுக்கு மட்டும் பல இடங்களில் 30 கிரெடிட் ஒதுக்குகிறார்கள், அதாவது குறைந்தது 750 மணி நேரம். ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் தட்டிக்கேட்க வழிகாட்டிப் பேராசிரியராக ஒரு கைடும் இருக்க, இவ்வளவு நேரம் உட்காரும் வாய்ப்பு இளநிலையில் கிடைக்காது, வேலைக்குப் போன பிறகும் லேசில் கிடைக்காது.

அதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு விபத்தைச் சொல்கிறேன். 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில், கடலில் எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கான ஸ்லெய்ப்னர் ஏ என்ற மேடையின் கான்கிரீட் அடித்தளத்தைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தபோது சுவர் வெடித்து, மொத்தமும் மூழ்கிப்போனது. வடிவமைப்புக்குப் பயன்படுத்தியது பெயர்பெற்ற சாஃப்ட்வேர்தான். ஆனால் முக்கியமான இடத்தில் மெஷ்ஷை (கணக்குப் போடுவதற்காகச் சுவரைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் வலையை) சரியாகப் போடாததால், சுவரில் வரும் ஷியர் ஸ்ட்ரெஸ்ஸை, அதாவது அதைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் அழுத்தத்தை, அந்தக் கணக்கு 47 சதவீதம் குறைத்துக் காட்டிவிட்டது, போதாக்குறைக்குக் கான்கிரீட்டுக்குள் வைத்த இரும்புக் கம்பிகளையும் பிடிப்புக் கிடைக்கும் அளவுக்கு நீட்டிப் பதிக்கவில்லை. விபத்துக்குப் பிறகு கவனமாகப் போட்ட கணக்கில் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது, நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில். கணக்கு பொய் சொல்லவில்லை, அதைப் போட்ட விதம்தான் தவறு.

சாஃப்ட்வேரை ஓட்ட இளநிலையிலேயே கற்றுக்கொள்ளலாம். திரையில் வரும் வண்ணப் படத்தை நம்பலாமா, மெஷ்ஷை இன்னும் நெருக்கினால் விடை மாறுமா, கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று சந்தேகப்படும் பழக்கம் வர வேண்டுமே, அது ஒரு தீசிஸில் பலமுறை முட்டி மோதினால்தான் வரும். வகுப்பில் உட்கார்ந்து கேட்டு வருவதல்ல.

பாடங்கள் மட்டும் படித்து முடிக்கும் முதுநிலைப் படிப்பும் உண்டு, அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டு, எனக்கு இந்த நான்கு பாடம் தெரிந்தால் போதும் என்பவருக்கு அது சரி. ஆனால் பட்டம் முடித்த கையோடு சேரும் இருபத்தொரு வயதுப் பிள்ளை தீசிஸ் கஷ்டம் என்று அதைத் தவிர்த்தால், இளநிலையையே இன்னொரு முறை படித்த மாதிரிதான். வேலை கிடைக்கவில்லை, சும்மா இருப்பதற்கு மேலே படிக்கலாம் என்று சேர்பவர்களைப் பார்க்கும்போது இன்னும் வருத்தமாக இருக்கிறது. எந்தத் துறையில் எந்தப் பிரச்சினை தன்னை இழுக்கிறது என்று தெரியாமல் போய் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? முடிந்தால் ஓரிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகட்டும், கேள்வி தானாக அமையும்.

அப்புறம், காசு கொடுத்துப் புராஜெக்ட் வாங்கிச் சமர்ப்பிக்கும் வழக்கம். அது ஏமாற்று என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் படிப்பில் தனக்குக் கிடைக்க வேண்டியதையே அந்தப் பிள்ளை கைமாற்றிவிடுகிறது. இதைக் கண்டும் காணாமல் இருக்கும் கைடுகள் மீது எனக்குக் கோபம் உண்டு.

விண்ணப்பிக்கும் முன் அந்தத் துறையில் போன வருடம் முடித்தவர்களின் தீசிஸ் தலைப்புகளைத் தேடிப் பாருங்கள், பல பல்கலைக்கழகங்கள் முழு தீசிஸையே இணையத்தில் வைத்திருக்கின்றன. அந்தக் கைடு ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறார், லேபில் உள்ள கருவியை முதுநிலை மாணவர்களைத் தொட விடுவார்களா, இதையெல்லாம் அங்கே இப்போது படிப்பவர்களிடம் கேளுங்கள். உங்கள் கல்விப் பக்கத்திலும் கட் ஆஃப் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தை ஒதுக்கி, முதுநிலை முடித்த ஒருவர் தன் தீசிஸில் என்ன செய்தார், எங்கே மாட்டிக்கொண்டார், எப்படி வெளியே வந்தார் என்று வாரம் ஒருவரை எழுத வைத்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பொறியாளர்