நாலு மணி நேரம் கட்டிலில்தானே இருக்கிறார்கள், ஒருவர் வந்து பேசக் கூடாதா?

டயாலிசிஸ் பிரிவுகளுக்குப் பொறுப்பான மருத்துவ அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன வாரம் மதுரை ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "இனி நான் வரலைங்க, என்னை விட்டுருங்க" என்று டயாலிசிஸுக்கு வந்த என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தேற்றிக் கூட்டிவந்து பிரிவில் இதைச் சொன்னேன். "வர இஷ்டமில்லைன்னா எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். சொன்னவர் பாவம், அத்தனை மெஷினுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். ஆனால் நிறுத்தினால் உயிர் போகும் என்று தெரிந்தே ஒருவர் வேண்டாம் என்கிறார். அவருக்குக் கொடுக்க உங்களிடம் வெள்ளைத்தாள்தான் இருக்கிறதா?

நோயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால் அன்றைக்கு உண்டானதைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவோம். மாத்திரைக்கும் அதிலிருந்துதான். சித்திரை வெயிலில் உசிலம்பட்டியிலிருந்து வரும்போது, பக்கத்து சீட்டில் யாராவது மடக்மடக்கென்று குடித்தால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். இளநீரும் ஆகாது, கிட்னியால் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் அதில் அதிகம். இவ்வளவையும் தாங்கி வந்து எடை மெஷினில் ஏறினால், "இவ்வளவு கூடியிருக்கே, தண்ணி குடிச்சீங்களா?" என்று எல்லார் முன்னாலும் ஒரு அதட்டல். அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது. அவர் தன் தையல் மெஷினைத் தொட்டே பல மாதமாகிறது.

தூக்கமில்லை, பசியில்லை, அசதி என்று சொன்னால் "கிட்னி போனா அப்படித்தான்" என்கிறீர்கள். மனச்சோர்வுக்கும் அவைதானே அடையாளம்? டயாலிசிஸில் இருப்பவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவருக்கு அது இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகளைக் கேட்டால் யாரைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். சில நிமிட வேலை.

அதனால் கேட்கிறேன்: வாரத்தில் ஒரு நாளாவது மனநல ஆலோசகர் ஒருவரை டயாலிசிஸ் பிரிவுக்கே அனுப்புங்கள். மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் போதாது. ஊசியை உருவி, ரத்தம் நிற்கும்வரை கையை அமுக்கிக்கொண்டு, தலைசுற்றலோடு எழுந்திருப்பவரை இன்னொரு வரிசையில் நிற்கச் சொல்வது நியாயமா? வாரம் மூன்று தடவை, நாலு நாலு மணி நேரம் அதே கட்டிலில்தான் படுத்திருக்கிறார். ஆலோசகர் வந்து பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் போதும்.

காப்பீட்டு அட்டையால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு டயாலிசிஸே கிடைக்கிறது. அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு. 14416 என்ற டெலிமனாஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டில் வாயே திறக்காதவர் போனை எடுத்து யாரிடம் பேசுவார்? மனநலச் சிகிச்சை பெறுவது எல்லோருக்கும் உரிமை என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. அந்த உரிமை டயாலிசிஸ் வார்டு வாசலோடு நின்றுவிடுமா? பக்கத்துக் கட்டில்காரர் வராமல் போனால், அந்த இடம் யாருக்கு என்ற பேச்சுதான் முதலில் வருகிறது. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஆலோசகரை அனுப்புங்கள். அவர் என்றைக்கு வருவார் என்பதைப் பிரிவின் வாசலில் எழுதி ஒட்டுங்கள். அந்த ஷிப்ட் விடிகாலையானாலும் சரி, ராத்திரியானாலும் சரி, கூட்டிவருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து,
ஒரு நோயாளியின் கணவர்