முதல் சில வாரங்களே முடிவு செய்கின்றன

ஆசிரியருக்கு வணக்கம்.

புதைபடிவங்கள் பற்றிய கட்டுரையில், உயிரி மண்ணில் புதைந்து பல லட்சம் ஆண்டுகளில் கல்லாகிறது என்று ஒரே வரியில் சொல்லியிருந்தீர்கள். முக்கியமான கட்டமே அதில் விடுபட்டுவிட்டது. ஓர் உடல் படிவமாகுமா என்பது பெரும்பாலும் இறந்த சில நாட்களிலும் வாரங்களிலும் தீர்மானமாகிவிடும்.

வெள்ள வண்டலோ எரிமலைச் சாம்பலோ விரைந்து மூட வேண்டும். தாமதித்தால் பிணந்தின்னிகள் எலும்புகளைச் சிதறடித்துவிடும். மூடும் மண்ணும் நுண்ணியதாக இருக்க வேண்டும்; பருமணலில் நீரும் ஆக்சிஜனும் தாராளமாகப் புகும். ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபெனில் 15 கோடி ஆண்டுப் பழமையான ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்னும் ஆதிப்பறவையின் இறகுத் தடம்கூடத் தெளிவாகப் பதிந்திருக்கிறதென்றால், அங்கே படிந்த மிக நுண்ணிய சுண்ணாம்புச் சேறு அதற்கு ஒரு காரணம்.

ஆக்சிஜன் இல்லையென்றால் உடல் அழுகாது என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் சல்பேட்டைப் பயன்படுத்தி வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. அவையும் தசையைச் சிதைக்கும். ஆக்சிஜன் இன்மை முக்கியமாகத் தடுப்பது சேற்றைக் கிளறும் புழுக்களையும் பிணந்தின்னிகளையும்தான். அழுகலை முந்திக்கொண்டு கனிமம் படிந்தால்தான் மென்தசை தப்பும். வியப்பு என்னவென்றால், அழுகவைக்கும் பாக்டீரியாக்களே உடலைச் சுற்றியுள்ள நீரின் வேதித்தன்மையை மாற்றி, கனிமம் படியவும் வழிசெய்கின்றன. ஆய்வகத்தில் இறாலை மூடிய கலத்தில் அழுகவிட்டபோது, சில வாரங்களிலேயே தசையில் கால்சியம் பாஸ்பேட் படிந்தது. சல்பேட் குறைந்த சேற்றில், கரைந்த இரும்பு கார்பனேட்டாகி உடலைச் சுற்றி உருண்டையாக இறுகும். அமெரிக்காவின் மேசன் க்ரீக் படிவங்கள் இப்படி உருவானவை. சல்பேட் மிகுந்தால் அதே இரும்பு கந்தகத்தோடு சேர்ந்து பைரைட் என்னும் கனிமமாகிவிடும்.

எலும்புக்கும் ஓட்டுக்கும் எதிரி அமில நீர். ஓடு கரையும் முன்பே சுற்றியுள்ள சேறு இறுகியிருந்தால் அதன் அச்சாவது மிஞ்சும்; இல்லையேல் தடயமே இராது. எலும்பு அப்படியே முழுக்கக் கல்லாவதும் அரிது. துளைகளில் சிலிக்கா, கால்சைட் போன்ற கனிமங்கள் நிரம்ப, எலும்பின் பாஸ்பேட் பெரும்பாலும் மீண்டும் புதிய படிகங்களாக மாறி அங்கேயே தங்கிவிடும்.

பிறகுதான் நெடுங்காலக் கதை தொடங்குகிறது. வண்டல் சேரச் சேர நிலம் தாழ வேண்டும். கடும் வெப்பமும் அழுத்தமும் பாறையை உருமாற்றிவிடக் கூடாது. மலைகளில் வண்டல் படிவதைவிட அரிப்பே மிகுதி என்பதால், மலைவாழ் உயிரினங்கள் படிவங்களில் மிக அரிதாகவே கிடைக்கின்றன.

ஒரு வேண்டுகோள்: படிவத்தின் படத்தை வெளியிடும்போது, அது கிடைத்த பாறை சுண்ணாம்பா, களிப்பாறையா, மணற்பாறையா என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். அந்த உயிரி எத்தகைய சூழலில் புதைந்தது என்பதை வாசகர்கள் அதிலிருந்தே ஊகிக்கத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
நிலவியல் வாசகர் ஒருவர்