டெலிவரி ட்ரோன் எடுக்கும் முடிவுகளும் பதிவாக வேண்டும்: சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தானே வழி பார்த்து, தானே இறங்குமிடம் தேர்ந்து, வீட்டு வாசல்வரை பொருள் கொண்டு சேர்க்கும் ட்ரோன்கள் இன்று பல நாடுகளில் பறக்கின்றன. அவற்றைத் தடை செய்யக் கோரி இம்மடலை எழுதவில்லை. 2016-ல் ருவாண்டாவின் மலைப்பகுதி மருத்துவமனைகளுக்கு ஜிப்லைன் நிறுவனம் ரத்தம் அனுப்பத் தொடங்கியபோதே இத்தொழில்நுட்பத்தின் பயன் ஐயமறத் தெரிந்துவிட்டது. நான் வேண்டுவது ஒன்றே. பறக்கும்போது செயற்கை நுண்ணறிவு எடுக்கும் முக்கிய முடிவுகள் அனைத்தும், அவற்றுக்கு ஆதாரமான சென்சார் தரவுகளோடு பதிவாக வேண்டும். விபத்து நேர்ந்தால் அப்பதிவு, நிறுவனத்தின் தயவை எதிர்பாராமல், சுதந்திரமான விசாரணை அமைப்பின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இதன் தேவையை உணர 2024 டிசம்பரில் நடந்த ஒன்றைப் பார்த்தாலே போதும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், பெண்டில்டன் சோதனைத் திடலில், அமேசானின் எம்கே30 ரக ட்ரோன்கள் இரண்டு லேசான மழையின்போது விழுந்து நொறுங்கின. உயரத்தை அளக்கும் லைடார் கருவி மழையில் தவறான அளவைக் காட்ட, அதை நம்பிய மென்பொருள் ட்ரோன் தரையிறங்கிவிட்டதாக முடிவுகட்டி, சுமார் 200 அடி உயரத்திலேயே மோட்டார்களை நிறுத்திவிட்டது. முந்தைய ரகத்தில், உண்மையில் தரையைத் தொட்டால்தான் அழுந்தும் சுவிட்ச் ஒன்று இருந்தது. புதிய ரகத்தில் அது இல்லை. இங்கே இறக்கை முறியவில்லை, பேட்டரி தீரவில்லை. இயந்திரம் பொய்யான ஒரு நிலையை மெய்யென்று எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். இத்தகைய பிழை உடைந்த பாகங்களில் தடயம் விடுவதில்லை என்பதால், முடிவெடுத்த கணத்தின் பதிவு இல்லாவிட்டால் விசாரணை அதிகாரிக்கு மிஞ்சுவது ஊகமே.

சோதனைத் திடலில் நடந்ததால் அது யாரையும் பாதிக்கவில்லை. குடியிருப்புகளின் மேலே நிலைமை வேறு. 2022-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் விங் நிறுவனத்தின் ட்ரோன் மின்கம்பிகள்மேல் இறங்கியதில் ஏராளமான வீடுகளில் மின்சாரம் தடைப்பட்டது. 2025 அக்டோபரில் அரிசோனாவில் எம்கே30 ட்ரோன்கள் இரண்டு ஒரு கிரேனில் மோதின. மெல்லிய கம்பியும், நேற்று இல்லாமல் இன்று எழுந்து நிற்கும் கிரேனும் கேமராவுக்கும் வரைபடத்துக்கும் எளிதில் பிடிபடாதவை என்பது இத்துறையினர் அறிந்ததே.

தங்கள் அமைப்புக்கு அடித்தளமான 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை, ஆளில்லா விமானங்களைப் பற்றி 8-ஆம் பிரிவிலேயே பேசுகிறது. ஆனால் அப்பிரிவு காக்க நினைப்பது வானிலுள்ள பிற விமானங்களை. தரையில் நிற்பவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பறப்பின்போது நடப்பதைப் பதிவு செய்யும் ‘கருப்புப் பெட்டி’ போன்ற கருவிகளுக்கான விதிகளும் பெரும்பாலும் விமானத்தின் எடையை ஒட்டியே வகுக்கப்பட்டுள்ளன. பயணிகளைச் சுமக்கும் விமானத்துக்கு அது பொருத்தமான அளவுகோல்தான். சில பத்துக் கிலோ எடையுள்ள டெலிவரி ட்ரோனுக்கோ, அது யாருடைய தலைக்கு மேலே பறக்கிறது, எவ்வளவு தூரம் தானாக முடிவெடுக்கிறது என்பவையே அளவுகோலாக வேண்டும்.

மென்பொருள் புதுப்பிப்பையும் இதே கண்ணோட்டத்தில் அணுக வேண்டுகிறேன். தடைகளைக் கண்டறியும் முறையையோ தரையிறங்கும் முறையையோ மாற்றும் புதுப்பிப்பு, விமானத்தின் ஒரு பாகத்தை மாற்றுவதற்குச் சமம். எந்தப் பதிப்பு எந்த ட்ரோனில் எந்த நாளில் ஏற்றப்பட்டது என்பது பதிவிலேயே இருந்தாக வேண்டும்.

வணிக ரகசியம் வெளியாகிவிடும் என்று நிறுவனங்கள் தயங்கக்கூடும். அத்தயக்கத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆயினும் விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் விபத்துகளைத் தடுப்பதே, பழி சுமத்துவதன்று என்று சிகாகோ உடன்படிக்கையோடு சேர்ந்த விதித்தொகுப்புகளுள் ஒன்றான, விபத்து விசாரணை பற்றிய தங்களுடைய 13-ஆம் இணைப்பு தெளிவாகச் சொல்கிறது. விமானியின் அறைக்குள் நடக்கும் உரையாடலையே பதிவு செய்து, அதைப் பாதுகாப்போடு கையாளும் நெறிகளை வகுத்த அமைப்புக்கு, ஒரு மென்பொருளின் முடிவுகளைக் கையாளும் நெறியை வகுப்பது இயலாத காரியமன்று.

எனவே, சிறிய டெலிவரி ட்ரோன்களுக்கும் பொருந்தும் முடிவுப் பதிவு விதியைத் தங்கள் இணைப்புகளில் சேர்ப்பதற்கான பணியைத் தொடங்குமாறும், எத்தனை காலம் பதிவுகளைக் காக்க வேண்டும், யார் பொறுப்பில் வைக்க வேண்டும் என்பதை உறுப்பு நாடுகளின் விசாரணை அமைப்புகளைக் கலந்தே முடிவு செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொதுமக்களில் ஒருவர்