ஸ்பானிஷுக்கு ஆங்கிலம் வழியாகத்தான் போக வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இணைப்பிதழில் வந்த தொடக்க நிலை ஸ்பானிஷ் பாடத்தைப் படித்தேன். நல்ல முயற்சிதான், ஆனால் பாடம் தமிழில் இருந்தாலும் விளக்கம் முழுக்க ஆங்கில இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. நானும் அப்படி ஒரு ஆங்கிலப் புத்தகத்தை வைத்துப் படித்து, ‘வீடு பெரியது’ என்று சொல்வதற்கே ஒரு மாதம் திணறியவன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் ‘இஸ்’ ஒன்றுதான். ஸ்பானிஷில் அந்த இடத்துக்கு ஸேர், எஸ்தார் என்று இரண்டு வினை. நிரந்தரமானதற்கு ஸேர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்கிறது உங்கள் பாடம். அப்படியானால் ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்கு ‘எஸ்தா முவெர்தோ’ என்று எஸ்தார் ஏன் வருகிறது? சாவைவிட நிரந்தரம் எது? மாத்ரித் ஸ்பெயினில் இருக்கிறது என்பதற்கும் எஸ்தார்தான், அந்த ஊர் எங்கே நகரப் போகிறது!

தமிழை வைத்துப் பாருங்கள். ‘வீடு பெரியது’, ‘அவள் ஆசிரியை’ என்று வினையே இல்லாமல் முடிகிற இடத்தில் பெரும்பாலும் ஸேர்: லா காஸா எஸ் கிராந்தே (‘எஸ்’ என்பது ஸேரின் வடிவம், ‘எஸ்தா’ எஸ்தாரின் வடிவம்). ‘கதவு திறந்திருக்கிறது’, ‘சூப் ஆறிப்போயிருக்கிறது’, ‘களைப்பாக இருக்கிறான்’ என்று ‘இரு’ தானாக வந்து ஒட்டுகிற இடத்தில் எஸ்தார்: லா புவெர்தா எஸ்தா அபியெர்தா. ஆப்பிளைப் பற்றி ‘எஸ் வெர்தே’ என்றால் அதன் நிறம் பச்சை, ‘எஸ்தா வெர்தே’ என்றால் இன்னும் காயாக இருக்கிறது. ‘விருந்து என் வீட்டில்’ என்பதற்குக்கூட, இடத்தைச் சொன்னாலும், ஸேர்தான் வரும், நாமும் அங்கே ‘இருக்கிறது’ போடுவதில்லை. பேச்சில் ‘வீடு பெரிசா இருக்கு’ என்றும் சொல்கிறோமே என்று கேட்பீர்கள், சரி, அங்கே இந்த வழி சறுக்கும். ஆனாலும் நிரந்தரம், தற்காலிகம் என்ற கணக்கைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம் ‘மேசையில் ஒரு புத்தகம் இருக்கிறது’ என்றால் எஸ்தார் வராது, ‘ஐ’ என்ற தனிச்சொல் வரும் (எழுதும்போது முன்னால் ஒரு ஹெச் இருக்கும், வாயைத் திறந்தால் காணாமல் போய்விடும்). ‘அந்தப் புத்தகம் மேசையில் இருக்கிறது’ என்றால் மறுபடி எஸ்தார். பாடத்தில் இது இல்லவே இல்லை.

நம்மை உண்மையில் தடுக்கி விழ வைப்பது பெயரடை. பெரிய வீடு, பெரிய வீடுகள் என்று நம் ‘பெரிய’ எதற்கும் அசையாது, பெயருக்கு முன்னால் நிற்கும். ஸ்பானிஷில் அது பெரும்பாலும் பின்னால் போவதோடு பாலும் எண்ணும் பார்த்து மாறும்: எல் லிப்ரோ ரோஹோ (சிவப்புப் புத்தகம்), லா மேஸா ரோஹா (சிவப்பு மேசை), லாஸ் மேஸாஸ் ரோஹாஸ் (சிவப்பு மேசைகள்). ஆனால் உயரமானவன், உயரமானவள் என்று நாமும் மாற்றத்தானே செய்கிறோம்? எஸ் ஆல்தோ, எஸ் ஆல்தா என்பது அதேதான், அவன் அவள் என்று தனியாகச் சொல்லவும் தேவையில்லை. என்ன, அஃறிணைக்கும் அங்கே ஆண்பால் பெண்பால் உண்டு, அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ‘ஓ’வில் முடிந்தால் ஆண்பால், ‘ஆ’வில் முடிந்தால் பெண்பால் என்று பாடம் சொல்வது சரி, ஆனால் கை என்று பொருள்படும் மானோ பெண்பால், நாள் என்று பொருள்படும் தியா ஆண்பால் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மேஸா நம் மேசையேதான், ஸ்பானிஷின் உடன்பிறப்பான போர்ச்சுகீஸிலிருந்து நமக்கு வந்த சொல், ஆகவே அந்த ஒன்றையாவது யாரும் மறக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் ‘எனக்குப் பிடிக்கும்’ பாடம் என்று போட்டிருக்கிறீர்கள். ‘மே கூஸ்தா’வில் அந்த ‘மே’ நம் ‘எனக்கு’தான், ‘நான்’ இல்லை. தயவுசெய்து அதை ‘ஐ லைக்’ என்று தொடங்கி விளக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்